பக்கம் நாற்பத்தொன்று, வரி ஏழு

நெப்ராஸ்காவில் மே மாதம் முழுக்கக் காற்று.
பட்டமளிப்புக்குப் போட்ட வெள்ளை நாற்காலிகளைப்
புல்வெளியில் யாரோ ஓயாமல் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.
சிறப்புத் தகுதி அலுவலகத்தின் முன்
நான் வரிசையில் நின்றேன்.
வரிசையில் நான் ஒருத்திதான்.

இதழியலில் எங்கள் ஆண்டுக்கு எழுபத்து நான்கு பேர்.
அதில் ஆறு பேருக்கு மட்டும்
தனி வகுப்பு, தனி அறை, விடியவிடியக் காப்பி இயந்திரம்,
முடிவில் ஆளுக்கோர் ஆய்வேடு,
கழுத்துக்குப் பொன்னிறக் கயிறு.
மதிப்பெண் கொஞ்சம் சறுக்கினாலும்
கதவு அட்டையை ஏற்காது.
நான்காண்டுகள் அந்த அட்டையைத்
தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவள் நான்.

என் ஏடு நூற்றுப்பன்னிரண்டு பக்கம்.
இறைச்சி ஆலையில் இரவுத் துப்புரவு:
பதினொரு மணிக்கு மேல்
வெந்நீர்க் குழாயும் குளோரினுமாக உள்ளே போகிறவர்கள்.
மூன்று பேராசிரியர்கள் ஒன்றரை மணி நேரம் குடைந்தார்கள்.
எத்தனை சாட்சி, எந்த ஆவணம்,
இந்தப் பெயரை ஏன் மறைக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.
ஹாவ்லிச்செக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.
மிக உயர்ந்த தகுதி என்று மூவரும் ஒப்பமிட்டார்கள்.
கருநீலத் துணி அட்டை,
முதுகில் பொன்னெழுத்தில் டி. வாவ்ரா.

ஒரு பிரதியை அப்திராஷீதுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அவர் மகள் ஹோதன், பதினொரு வயது,
சோஃபாவில் சம்மணமிட்டு
வரிக்கு வரி சோமாலியில் சொல்லிக்கொண்டே வந்தாள்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றாள்.
அப்பாவின் கையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.
மறுபடி கையை.

'இடது கையின் மூன்று விரல்கள்' என்று எழுதியிருந்தேன்.

அவர் சிரித்தார். கோபித்திருக்கலாம்.
"உன் புத்தகத்தில் நான் இன்னும்
சோற்றாங்கையால் சாப்பிடுகிறேன்.
நல்லதுதானே" என்றார்.

எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்,
நடந்தது அவ்வளவுதான்.
என் இடப்பக்கம் தெரிந்ததை அவருடைய இடக்கை என்று
முதல் நாளே குறித்துக்கொண்டேன்.
அப்புறம் பதின்மூன்று சந்திப்பிலும்
கையைப் பார்க்கவில்லை, குறிப்பைப் பார்த்தேன்.
கன்வேயரின் வேகத்தைச் சரிபார்த்தேன்,
அதன் தயாரிப்பு எண்ணை,
அபராதத் தொகையைச் சென்ட் வரைக்கும்.
ஏலக்காய் மணக்கும் தேநீரை ஒவ்வொரு முறையும்
அவர் இடக்கையால்தான் நீட்டினார்,
மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைச் சற்றுச் சாய்த்து.
வாங்கிக் குடித்தேன்.
சூடாயிருக்கிறது என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அலுவலகத்தில் திருமதி டெல்ஃபின்
இழுப்பறையை ஒரு முறை கலைத்துப் பார்த்தாள்.
பெயர் மாற்றத்துக்குப் படிவம் உண்டு,
மதிப்பெண் மேல்முறையீட்டுக்கு உண்டு,
அங்கியின் அளவு போதாவிட்டால் அதற்கும்.
"பிழைக்குப் படிவம் இல்லை, கண்ணு.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
கயிறு வாங்கிக்கொண்டாயா?"

வாங்கிக்கொண்டேன்.
மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
எழுதினால் அது இரண்டாவது பிழை.

நூலகத்தின் மூன்றாம் தளம்.
சென்ற ஆண்டின் ஆறு முதுகுகளுக்குப் பக்கத்திலிருந்து
என் ஏட்டை உருவினேன்.
அறையில் அச்சடித்து எடுத்துவந்த துண்டுச்சீட்டை
விளிம்பு பார்த்து ஒட்டினேன்.

*திருத்தம். வரி ஏழு.
இடது என்பதை வலது என்று வாசிக்கவும்.
சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல்.
பிழை செய்தியாளருடையது.*

பசை காயும்வரை ஏட்டைத் திறந்தே வைத்திருந்தேன்.
கீழே புல்வெளியில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஒருவன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.